மலையிடுக்குக் காட்டுப் பாதையில் சுற்று ஓட்டம்

தூரத்தை மட்டும் வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் சமதளத்தில் 1 கிலோமீட்டர் ஓடும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் பட்டுத் தெறிப்பதால் கடிகாரம் தூரத்தைத் தப்பாகக் காட்டும். வரைபடத்தை ஃபோனில் முன்பே இறக்கி வையுங்கள்.

இறக்கத்தில் ஈரமான வேர்கள் பாறையைவிட மோசம். மிதிக்காமல் தாண்டுங்கள். சின்னச் சின்ன அடி, பார்வை 3 மீட்டர் முன்னால்.

எல்லாவற்றையும்விட ஆபத்து ஓடைதான். இங்கே வெயில் அடித்தாலும் மேல்மலையில் மழை பெய்தால் நீர் சட்டென்று ஏறும். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் இறங்கவே வேண்டாம். முழங்காலுக்கு மேல் இழுத்து ஓடினாலும் அப்படித்தான்; முக்கால் சுற்று முடிந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள், தயவுசெய்து. கடக்கும்போது பையின் இடுப்பு, மார்புப் பட்டைகளைக் கழற்றிவிடுங்கள்.

பள்ளத்தில் இருட்டு முந்திக்கொள்ளும். பகல் ஓட்டத்துக்கும் தலைவிளக்கு வேண்டும்.