மொட்டை மாடியில் ஊசியிலைச் செடிகள்

மே 6, 2024
அக்கினி நட்சத்திரம் பிறந்து மூன்றாம் நாள். டிசம்பரில் ஆன்லைனில் வாங்கிய குட்டி ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலைச் செடி முழுக்கப் பழுப்பாகிவிட்டது. தொட்டால் ஊசிகள் கொட்டுகின்றன. இது 1904-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கண்டெடுத்த குள்ள வகை, குளிர்காலத்தில் உறங்கி எழ வேண்டிய செடி. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அதற்கு ஏது குளிர்? வேர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும் இனம் என்பதால், மார்ச்சில் நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்தபோதே கதை முடிந்திருக்கும். மனசு கஷ்டமாக இருக்கிறது.

மே 19
ஆரோவில் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரக்கேரியாவைக் காட்டி, "குள்ள ஜாதிதான்க்கா, இதுக்கு மேல வளராது" என்றார் அங்கிருந்த தம்பி. தரையில் வைத்தால் அது தென்னையைத் தாண்டும். குள்ளம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: ஆண்டுக்கு 1 முதல் 6 அங்குலம் வளர்ந்தால் குள்ளம், அதற்கும் குறைந்தால் மினியேச்சர் என்று அமெரிக்க கோனிஃபர் (ஊசியிலை மரம்) சங்கம் பிரித்திருக்கிறது. ஆண்டுக்கு 6 அங்குலம் என்றால் பத்து வருஷத்தில் 5 அடி, ஆகவே வாங்கும்போது இன்றைய உயரத்தைப் பார்க்கக் கூடாது. தரையோடு படரும் ஜூனிப்பர் இரண்டும் போடோகார்பஸ் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஊசியிலை இனங்கள்தான், இரண்டுமே வெயில் தாங்கும். போடோகார்பஸ் உப்புக்காற்றையும் தாங்கும், கத்தரித்தாலும் துளிர்க்கும், கடலோரத்துக்கு என் முதல் தேர்வு அதுதான்.

ஜூன் 16
அண்ணன் குடும்பத்தோடு திருவக்கரை கல்மரப் பூங்கா. வழியில் சவுக்குத் தோப்பைப் பார்த்து, "இதுவும் உங்க ஊசியிலைதானே அத்தை" என்று கேட்டாள் அண்ணன் மகள். இல்லை, சவுக்கு பூக்கும் தாவரம். ஒரு ஊசியைப் பிடித்து இழுக்கச் சொன்னேன், கணுவில் கழன்று வந்தது. அந்தக் கணுவைச் சுற்றிப் பொடிப்பொடியாய்ப் பல் மாதிரி இருப்பவைதான் அதன் உண்மையான இலைகள், ஊசி என்று நாம் நினைப்பது மெல்லிய தண்டு. வெயிலில் கையில் வைத்துக்கொண்டு இருவரும் வெகுநேரம் பார்த்தோம்.

அங்கே கல்லாகிக் கிடக்கும் கட்டைகளுக்குச் சுமார் 2 கோடி வயது. அவற்றில் போடோகார்பஸ் குடும்பத்து மரமும் உண்டு! ஏதோ ஒரு காலத்து வெள்ளம் அடித்து வந்து சேர்த்தவை என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போய் என் செடியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஜூலை 7
ஜூனிப்பர் ஒன்றில் மங்கல் நிறம். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினேன், விழுந்த தூசு நகர்ந்தது. செஞ்சிலந்திதான், சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி. மூன்று நாள் காலையில் இலையின் அடிப்பக்கம் நனைய ஹோஸால் பீய்ச்சி அடித்த பிறகு குறைந்தது. செம்மண்ணோடு ஆற்று மணலும் உடைத்த செங்கல் ஜல்லியும் சரிசமமாகக் கலந்து மூன்று செடிகளையும் மண் தொட்டிக்கு மாற்றினேன். தென்னை நார்க்கழிவு கொஞ்சம்தான், மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது.

டிசம்பர் 2
ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை, தெருவில் இன்னும் தண்ணீர். புயலுக்கு முன்பே அடித்தட்டுகளை எடுத்துவிட்டுத் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றியிருந்தேன். ஒரு ஜூனிப்பர் தொட்டியில் மட்டும் ஓட்டை அடைத்துப்போய், சேறாக நின்றது. கம்பியால் குத்தியதும் கறுப்புத் தண்ணீர், சாக்கடை நாற்றம்.

பிப்ரவரி 9, 2025
பயந்தது போலவே அந்த ஜூனிப்பரில் பாதி காய்ந்துவிட்டது. இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது, அதனால் செத்த கிளைகளை மட்டும் எடுத்தேன், பச்சை இருக்கும் பக்கத்தைக் கை வைக்காமல் விட்டேன். பிழைக்க வேண்டும்.

போடோகார்பஸ் புதுத் துளிர் விட்டிருக்கிறது, வெளிர்ப்பச்சையில், பழைய இலைக்குப் பக்கத்தில் துணி மாதிரி மெதுவாக. மே மாதம் நுனியில் கட்டிய சிவப்பு நூலுக்கு மேல் நான்கு அங்குலம்.