குட்டி பொட்டையா போனா தாயை ஏன் வையுதீங்க

நெல்லை சுத்துப்பட்டுல கால்நடை டாக்டரா இருக்கேன். மாடும் ஆடும்தான் நெறைய, ஆனா வண்டிப் பந்தயத்துக்குன்னு குதிரை வளக்கிறவங்களும் இங்கன உண்டு. அவங்ககிட்ட அடிக்கடி கேக்குற பேச்சு, "டாக்டரே, இது மூணு ஈத்தும் பொட்டக்குட்டியாவே போட்டுட்டு, தள்ளி விட்ரலாம்னு பாக்கேன்". பதினொரு மாசம் சுமந்து பெத்ததுக்கு இந்தப் பேச்சு, எனக்கு மனசே ஆறாது.

அண்ணாச்சி, உடம்பு எப்படி அமையணும்னு சொல்ற மரபுச் செய்தியைச் சுமக்குற இழைக்குப் பேரு குரோமோசோம், அதுல தாய் குடுக்கது எப்பவும் எக்ஸ்தான், கெடாக் குதிரையோட விந்தணுவுலதான் பாதி எக்ஸ் பாதி ஒய், எது கருமுட்டைல சேருதோ அதுதான் குட்டி: எக்ஸ் சேந்தா பொட்ட, ஒய் சேந்தா கெடா. மூணும் பொட்டையா அமைய எட்டுல ஒரு வாய்ப்பு இருக்கு, இதுல அதிசயம் என்ன இருக்கு சொல்லுங்க.

இதைவிட என்னை யோசிக்க வச்சது ஒரு மலட்டுக் குதிரை. நல்ல உயரம், பாக்க அசல் பொட்ட, ஆனா ஒழுங்கா பருவத்துக்கே வரல. வீட்டுக்காரரு தீவனத்தை மாத்தி, நேத்திக்கடன் வச்சு, கடைசில என்கிட்ட வந்தாரு. ஸ்கேன்ல பாத்தா சினைப்பை ரெண்டும் ரொம்பச் சின்னது, கர்ப்பப்பையும் வளரல. ரத்தம் எடுத்து குரோமோசோம் டெஸ்டுக்கு அனுப்பினோம் (ஹெப்பாரின் ட்யூப்ல, உறையாம போகணும், செல்லு உயிரோட இருந்தாத்தான் லேப்ல வளத்து எண்ண முடியும்). குதிரைக்கு மொத்தம் 64, எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு, ஆனா எக்ஸ் எக்ஸ் இருக்கவேண்டிய எடத்துல எக்ஸ் ஒய்!

ஒய் இருந்தும் எப்படிப் பொட்ட? ஒய்ல எஸ்ஆர்ஒய்னு ஒரு ஜீன் இருக்கு, 1990ல மனுசங்ககிட்ட கண்டுபிடிச்சது, கருவுல விதை (விந்து உண்டாகுற ஆண் உறுப்பு) உருவாகுன்னு முதல் உத்தரவு போடுறதே அதுதான். இந்தக் குதிரைல அந்தத் துண்டு இல்ல. உத்தரவு வரலைன்னா உடம்பு பொட்டையாவே வளந்துரும், ஆனா ரெண்டு எக்ஸ் இல்லாததால சினைப்பை வேலை செய்யாது. ஒரே ஒரு எக்ஸோட 63 குரோமோசோம் உள்ள பொட்டைகளும் உண்டு, அதுகளும் பெரும்பாலும் சினை பிடிக்காது. ரெண்டுக்கும் மருந்து கிடையாது, ஊசி மேல ஊசி போடுறது காசுக்குக் கேடு, அந்த சீவனுக்கும் வலி.

ரிசல்ட்டைச் சொன்னதும் அவரு ரொம்ப நேரம் பேசல. பொறவு, "அப்ப அது மேல குத்தம் இல்லல்லா?"ன்னாரு. இல்லவே இல்ல அண்ணாச்சின்னேன். "வண்டில பூட்டலாமா?" தாராளமா பூட்டலாம், ஓட்டத்துக்கு ஒரு கொறையும் கிடையாது, இனி சினைக்கு மட்டும் விடாதீங்கன்னு சொல்லி அனுப்புனேன்.