பார்த்தனான், காணேல்லை

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

காலை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும். யாழ்ப்பாணத்தில், இணுவிலில் இருந்து காங்கேசன்துறை வீதியால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாவடி கழிந்ததும் இடப்பக்க ஒழுங்கைக்குள் இருந்து ஒரு வெள்ளை வான் மூக்கை நீட்டியது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆள் உயர மதில். ஓட்டியவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். முகம் முழுதாகத் தெரிந்தது. என்னைக் கண்டுவிட்டார் என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் வந்தேன். வான் வெளியே வந்துவிட்டது.

என் இடது பெருவிரல் ஹோர்னைத் தேடிப் போனது. விரல் அங்கே போனதில் பிரேக் பிடிக்கப் பிந்திவிட்டது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் போய்விடும். ஸ்கூட்டி வானின் கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

இறங்கி வந்தவர் அப்பாவின் வயதுக்காரர். அவருக்கும் கை நடுங்கியது. “நான் பார்த்தனான் பிள்ளை. சத்தியமாக் காணேல்லை” என்றார்.

பேச வாயெடுத்தேன், பேசவில்லை. பாமசியில் மருந்துத் துண்டுகளை வாங்கி மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தச் சொல்தான் காதுக்குள் நின்றது. பார்த்தவர் காணவில்லை. அவர் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை.

இரவு கொஞ்சம் தேடி வாசித்தேன். ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளர் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறார். இன்னொரு வாகனமும் சேர்ந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வாகனக்காரர் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. அவர்களில் பலர் மோட்டார் சைக்கிளைக் காணவே இல்லை, அல்லது கடைசிக் கணத்தில்தான் கண்டார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

பின்னேரம் அத்தானுடைய ஹயஸ் வானை ஒழுங்கை வாயில் நிறுத்தி ஓட்டுநர் இருக்கையில் ஏறி இருந்தேன். பெறாமகளை ஸ்கூட்டியில் வடக்கே அனுப்பி, வீதியின் இடது கரையோடு மெல்ல வரச் சொன்னேன். அவளுக்குப் பத்தொன்பது வயது, லைசன்ஸ் எடுத்து இரண்டு மாதம்.

வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். வீதி வெறுமையாக இருந்தது. ஸ்கூட்டிச் சத்தம் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. தலையைக் கொஞ்சம் முன்னே நீட்டிய பிறகுதான் தெரிந்தாள். ஏறக்குறைய 20 மீற்றரில், வானின் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள தூணுக்குப் பின்னால் ஸ்கூட்டியும் அவளும் முழுதாக மறைந்திருந்தார்கள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத தூண். கண்ணுக்குக் கிட்ட இருப்பதால் அது ஒரு ஆளையே விழுங்குகிறது. வானும் மெல்ல நகர்ந்தால் அவள் வரவர அந்தத் தூணும் அவளோடு கூடவே வருகிறது.

பிறகு அவளை வீதியின் நடுக்கோட்டுப் பக்கம் ஒரு மீற்றர் விலகி வரச் சொன்னேன். தூணுக்குள் இருந்து சட்டென்று வெளியே வந்தாள். மதிலும் மறைக்கவில்லை.

இன்னொன்றும் கண்டேன். நேரே என்னை நோக்கி வருகிற ஸ்கூட்டி அசையாமல் நிற்பது போலவே இருக்கிறது. தூரத்தில் புள்ளி, கொஞ்சம் பெரிய புள்ளி, பிறகு திடீரென்று ஆள். சின்ன உருவம் என்பதால் தூரத்தில் நிற்பதாகவும் மெல்ல வருவதாகவும் மனம் கணக்குப் போடுகிறது. அதே ஸ்கூட்டி பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் கண் உடனே அங்கே போகிறது. சந்திக்கு முன்னால், பின்னால் ஒருவரும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, கரையில் இருந்து நடுப்பக்கம் மெதுவாக நகர்வது அதற்காகத்தான். வெட்டி வெட்டி ஓடுவது வேறு விசயம், அது செய்யக்கூடாதது.

ஆகஸ்ட் 9, சனி

கறுப்பு ஹெல்மெட், கருநீல உடுப்பு, சாம்பல் நிற ஸ்கூட்டி. திங்கட்கிழமை நான் அப்படித்தான் போயிருக்கிறேன். தார் வீதியின் நிறத்திலேயே ஒரு ஆள்.

நியூசிலாந்தில் செய்த ஒரு ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒளிரும் அல்லது ஒளி திருப்பும் உடுப்புப் போட்டவர்களுக்குக் காயப்படும் ஆபத்து 37 சதவீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. பகலிலும் முன்லைற் எரித்தவர்களுக்கு 27 சதவீதம் குறைவு.

டவுனில் வெள்ளை ஹெல்மெட் வாங்கினேன். வீதி வேலை செய்பவர்கள் போடும் மஞ்சள் மேலங்கியும் ஒன்று. அந்த மஞ்சள் பகலிலும் கருக்கலிலும்தான் வேலை செய்யும். இரவில் அது செத்த நிறம், அதிலுள்ள வெள்ளிப் பட்டிதான் பிறருடைய லைற்றைத் திருப்பி அனுப்பும். ஆகவே இரண்டும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நாமெல்லாம் கறுப்பு ரெயின்கோட் போட்டுக்கொண்டு போகிறோமே, மேலங்கியை அதற்கு உள்ளே போட்டு என்ன பயன்? ரெயின்கோட்டுக்கு மேலேதான் போட வேண்டும்.

என் ஸ்கூட்டி பழசு, லைற்றுக்கு ஆளி உண்டு. மலேசியாவில் 1992இல் இருந்தே மோட்டார் சைக்கிள்கள் பகலில் லைற் எரிக்க வேண்டும். இந்தியாவில் 2017 ஏப்ரலில் இருந்து புது வண்டிகளில் அது தானாகவே எரிகிறது. நான் இனி சாவி போட்டவுடன் ஆளியையும் போடுவேன். தாழ் வெளிச்சம் மட்டும். உயர் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைத்து, நான் எவ்வளவு தூரத்தில் வருகிறேன் என்பதையும் மறைத்துவிடும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து நம்முடைய சனம் வந்து இறங்கிவிட்டது. கோயிலைச் சுற்றி வீதிகள் மூடியிருப்பதால் மற்ற வீதிகளில் நெரிசல்.

தட்டாதெருச் சந்தியில் எதிரே ஒரு கார், எனக்குக் குறுக்காக வலப்பக்கம் திரும்ப நின்றது. ‘நான் வருகிறேன், நில்லுங்கோ’ என்று லைற்றை இரண்டு தரம் வெட்டினேன். இங்கே அதற்கு அதுதான் அர்த்தம். அவர் நன்றி சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டே திரும்பினார்! நல்ல வேளையாக விரல்கள் இந்த முறை பிரேக்கில் இருந்தன.

அவர் லண்டனில் இருந்து வந்தவர். “தங்கச்சி, நீங்கள்தானே போகச் சொன்னீங்கள்?” என்று உண்மையாகவே கேட்டார். பிரித்தானிய வீதி விதி நூலில் லைற் வெட்டுவதற்கு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பது மட்டும்தான் பொருள். ஆனால் அங்கே புழக்கத்தில் அது ‘நீங்கள் போங்கோ’. ஒரே வெளிச்சம், இரண்டு பாசை. உயிரைக் கொடுத்து மொழிபெயர்க்க முடியாது. வெட்டுவதை விட்டுவிட்டேன். எரிகிற லைற் எரிந்தபடியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஹோர்னைப் பற்றி எழுதாமல் முடியாது. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் போட்ட வாகனத்துக்குள் ஸ்கூட்டியின் ஹோர்ன் போய்ச் சேராது. போய்ச் சேர்கிற இடத்தில் ஆபத்து வேறு மாதிரி. இன்று கொக்குவிலில் சைக்கிளில் போன ஒரு ஐயாவுக்குப் பின்னால் கிட்டப் போய் அடித்தேன். தலையைத் திருப்பினார், தலையோடு ஹாண்டிலும் திரும்பியது. வீதி நடுவுக்கே வந்துவிட்டார். பின்னால் வேறு வாகனம் இருந்திருந்தால்? மனம் பதைத்துவிட்டது. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அடிப்பதென்றால் தூரத்திலேயே, சின்னதாக இரண்டு தரம். கிட்ட வந்துவிட்டால் கை பிரேக்குக்கு மட்டும்.

மினி பஸ்ஸை முந்தும்போது வலது கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் எனக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரியாவிட்டால் அவருக்கு நானும் இல்லை. நின்ற பஸ்ஸின் இடப்பக்கத்தால் போகவே மாட்டேன், ஆட்கள் இறங்குவது அந்தப் பக்கம். பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது மிதிபலகையில் தொங்கும் கொண்டக்டர் தம்பியின் கண்ணில் பட்டுக்கொண்டால் பெரிய உதவி. நேற்று ஒருவன் என்னைக் கண்டதும் பஸ்ஸின் உடம்பில் தட்டினான். புறப்பட இருந்த பஸ் நின்று எனக்கு வழி விட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சின்னக் குறிப்பு. நிற்கப் போகும்போது பிரேக்கை முதலில் இரண்டு தரம் லேசாகத் தொட்டால் பின்னால் வருகிறவருக்குச் சிவப்பு லைற் மினுங்கும். திரும்பி முடிந்ததும் சிக்னலை நிறுத்த வேண்டும், ஸ்கூட்டியில் அது தானாக நிற்காது. மறந்து எரிந்துகொண்டிருக்கும் சிக்னலை நம்பி ஒழுங்கையால் ஒருவர் வெளியே வருவார். அது என் பிழையாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

பெறாமகள் ஓட்ட, நான் பின்னால். அதே தாவடி, அதே ஒழுங்கை. ஒரு ஓட்டோ மூக்கை நீட்டி நின்றது. ஓட்டுகிறவர் எங்களைப் பார்க்கிறார்.

“காண்கிறாரோ?” என்று கேட்டேன்.

“முகத்தைப் பார்க்கேல்லை சித்தி, சில்லைத்தான் பார்க்கிறன்” என்றாள்.

கண்ணாடியைப் பார்த்தாள், வேகத்தைக் குறைத்தாள், நடுக்கோட்டுப் பக்கம் நகர்ந்தாள். விரல்கள் இரண்டு பிரேக்கிலும் இருந்தன. ஓட்டோவின் முன்சில்லு அரைச் சுற்று உருண்டது. பிறகு நின்றது. உள்ளே இருந்தவர் இடது கையை லேசாகத் தூக்கினார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போனாள். மேலங்கிக்கு ஒரு ஊசி குத்த வேண்டும், காற்றுக்கு முன்பக்கம் விரிந்துகொண்டே வந்தது.