ஏற்காட்டில் ஒரு 2005 வோல்நே

பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துப் பழைய சிவப்பு ஒயினை நிறத்தை வைத்து எடை போடவே கூடாது. திஜோனில் வேலை பார்க்கும் அக்கா மகன் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து ஊற்றியதும் அவனே, "என்ன மாமா, இப்படி வெளுத்துக் கிடக்கு, கெட்டுப்போச்சா?" என்றான். கெடவில்லை. இந்த ஒயினுக்கான பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, சாயம் குறைவு. வயது ஏற ஏற அந்தச் சாயமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து மண்டியாக அடியில் தங்கிவிடும். கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் மங்கிய சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். இந்த வயதுக்கு அது சரியான நிறம்தான்.

பாட்டில் வோல்நே பிரீமியே க்ரு, 2005. வோல்நே பர்கண்டியில் ஓர் ஊர்; பிரீமியே க்ரு அங்கே உயர்தரத் தோட்டங்களுக்கான பட்டம்; 2005 திராட்சை அறுத்த வருஷம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் மண்டி கலங்கியிருக்கும் என்பதால் சில நாள் நிமிர்த்தி வைத்திருந்தேன். கலங்கலோடு குடித்தால் கசப்புதான் மிஞ்சும்.

முதலில் வாசனையே வரவில்லை. 2005 வறண்ட வருஷம். துவர்ப்பு கெட்டியான, பல காலம் இறுகியே கிடந்த ஒயின்கள் அவை. கிளாஸிலேயே விட்டுவைத்தோம். அப்புறம் மெல்ல வந்தது: காய்ந்த ரோஜா இதழ், வற்றிய செர்ரி, காளான். அதற்கும் கீழே, மழை விட்ட மறுநாள் எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் சருகைக் கிளறினால் எழும் அதே ஈர மண் வாசனை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

காப்பி கப்பிங், அதாவது காப்பியை ருசித்துத் தரம் பார்ப்பது, செய்கிற பழக்கத்தில் சத்தமாக உறிஞ்சித்தான் குடித்தேன். காற்றோடு சேர்ந்து வாய் முழுக்கப் பரவினால்தான் புளிப்பின் நிலை தெரியும். பழச்சுவை வற்றினாலும் ஒயினைத் தாங்கி நிறுத்துவது புளிப்புதான். இதில் அது நிமிர்ந்தே நின்றது. துவர்ப்பு ஈறில் லேசாகப் பட்டு அடங்கியது. விழுங்கிய பிறகும் சுவை வெகு நேரம் தங்கியது. நல்ல ஒயின் என்று நான் சொல்வது அதை வைத்துத்தான்.

மலையின் சாயங்காலக் குளிரும் கைகொடுத்தது. சேலத்துச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறியிருக்கும்.

இன்னும் சில வருஷம் தாங்கும். ஆனாலும் என்னிடம் இன்னொரு பாட்டில் இருந்தால் இப்போதே திறப்பேன், வோல்நேக்குப் பக்கத்து ஊரான பொமாரின் ஒயின் ஒன்றையும் சேர்த்து வைத்து. பொமார் பொதுவாக இதைவிட முரடு.