செஸ்னா 172: எந்த எழுத்தை வாங்குவது?

நான்கு இருக்கைகள் கொண்ட சிறிய விமானமான செஸ்னா 172-ஐ வாங்குவது என்று முடிவு செய்ததும் பாதி வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்கியது. 1956-இல் வந்ததற்கும் 1986-இல் வந்ததற்கும் பெயர் ஒன்றுதான். பெயருக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் பெரும்பாலும் வகையை அறிய வேண்டும். எஞ்சின், வால், இறக்கையின் முன்விளிம்பு எல்லாமே வேறு.

மனம் முதலில் போனது வால் பின்சாயாமல் நிமிர்ந்து நிற்கும் 1950-களின் நேர்வால் வகையிடம். ஆறு சிலிண்டர் கான்டினென்டல் எஞ்சின், 145 குதிரைத்திறன். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடான ஃபிளாப்பைக் கையால் நெம்புகோலை இழுத்தே இறக்க வேண்டும். எத்தனை டிகிரி இறங்கியது என்று கையே சொல்லிவிடும். அவ்வளவு அழகான வால் பிறகு வரவே இல்லை என்பேன். ஆனால் நாங்கள் நான்கு பேர். எடுத்துச்செல்லும் சுமையைக் கணக்கிட்டதும் அந்த ஆசையைக் கைவிட்டேன்.

அடுத்தது 1977-இல் வந்த ‘என்’ (N) வகை. 160 குதிரைத்திறன் என்றாலும் அதன் எச்2ஏடி (H2AD) எஞ்சின், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் தேய்மானத்துக்குப் பெயர்போனது. பின்னர் திருத்தங்கள் வந்தன. அடிக்கடி பறந்துகொண்டிருந்தால் அது நன்றாகவே உழைக்கும். நான் பார்த்த விமானத்தின் லாக்புக்கிலோ இரண்டு பறத்தல்களுக்கு நடுவே ஏழு மாத இடைவெளிகள் இருந்தன. சும்மா நிற்கும் எஞ்சினுக்குள் எண்ணெய் வடிந்து துரு ஏறும். தயங்காமல் திரும்பிவிட்டேன். 1981-இல் வந்த ‘பி’ (P) வகையில் வேறு எஞ்சின், 2,400 பவுண்டு மொத்த எடை வரம்பு. எல்லா வகையிலும் மேல்தான், ஆனால் என் கைக்கு எட்டவில்லை.

கடைசியில் ‘எம்’ (M) வகை, 1974-ஆம் ஆண்டு விமானம். 150 குதிரைத்திறன் லைகாமிங், 40 டிகிரி வரை இறங்கும் ஃபிளாப், மெதுவாகப் பறக்கும்போதும் தாங்கிப்பிடிக்கும் இறக்கை. அந்த எஞ்சின் 80 ஆக்டேன் எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டது. இன்று கிடைக்கும், ஈயம் அதிகமுள்ள 100 ஆக்டேனில் ஸ்பார்க் பிளக்குகளில் ஈயம் படியும். ஓடுதளத்தில் உருளும்போதே எரிபொருளின் பங்கைக் குறைத்துக் கலவையை மெலிதாக்கப் பழக வேண்டும்.

விற்றவர் காட்டிய தாளில் வெற்று எடை, அதாவது ஆட்களும் பயன்படும் எரிபொருளும் இல்லாத எடை, 1,390 பவுண்டு. தராசில் ஏற்றியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். 1,448 வந்தது! ஐம்பது ஆண்டுகளில் மாற்றிய வானொலிகள், மேலுக்கு மேல் அடித்த பெயின்ட், எதையும் யாரும் சரியாகக் கணக்கில் எழுதவில்லை. மொத்த எடை வரம்பு 2,300. டேங்கை நிரப்பினால் பயன்படும் எரிபொருள் 38 கேலன், அதாவது 228 பவுண்டு. மிஞ்சுவது 624. இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், சில பைகள். எங்களுக்கு அது போதும். நான்கு பெரியவர்கள் என்றால் எரிபொருளைக் குறைத்தே ஆகவேண்டும். பழைய விமானம் வாங்கும் எவரும் எடைபோடாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அழகிலும் எண்களிலும் மூழ்கியிருந்த என்னை மெக்கானிக்தான் இருக்கைக்கு அடியில் பார்க்கச் சொன்னார். இருக்கை நகரும் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்தால் பூட்டும் ஊசி நழுவும். மேலெழும் நேரத்தில் விமானி பின்னால் சறுக்கி, பிடித்திருந்த கட்டுப்பாட்டுப் பிடியையும் தன்னோடு இழுத்தால் மூக்கு செங்குத்தாகத் தூக்கும். அந்தத் துளைகளைத் தவறாமல் அளந்து பார்க்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. எங்கள் விமானத்தில் இடப்பக்கத் துளைகள் இரண்டு நீள்வட்டமாகியிருந்தன. அந்தத் தண்டவாளத்தை மாற்றிய பிறகே கையெழுத்திட்டேன்.