பிளேட்லெட் கொடுக்கப் போனால் என்ன நடக்கும்?

முகாம்களில் ரத்தம் கொடுத்துப் பழகியவன் நான். படுத்தோமா, பந்தை அமுக்கினோமா, பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு கிளம்பினோமா என்று சீக்கிரம் வேலை முடிந்துவிடும். போன மாதம் மதுரையில் ஒரு ரத்த வங்கியிலிருந்து போன். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்குப் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) வேண்டும், உங்கள் குரூப்தான், வர முடியுமா என்றார்கள்.

போனிலேயே விசாரணை தொடங்கிவிட்டது. மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டீர்களா? கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தீர்கள்? கொடுத்து 28 நாளாவது ஆகியிருக்க வேண்டுமாம். "நல்லா சாப்பிட்டுட்டு வாங்கண்ணே, பூரி வடை மட்டும் வேணாம்" என்றார் போனில் பேசிய பெண். எண்ணெய் அதிகமானால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பால் மாதிரி கலங்கிவிடும்.

போனதும் எடை, பிரஷர், படிவம். அப்புறம்தான் முக்கியமான கட்டம்: முழங்கை மடிப்பில் நரம்பைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் வந்தவருக்கு நரம்பு மெலிசு என்று சொல்லிவிட்டார்கள். மனுஷர் முகம் சுருங்காமல் சாதாரணமாக ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு சாம்பிள் எடுத்து ஹீமோகுளோபின், பிளேட்லெட் எண்ணிக்கை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் எல்லாம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 12.5, பிளேட்லெட் ஒன்றரை லட்சம் இருந்தால்தான் மெஷின் பக்கமே விடுவார்கள். ரிசல்ட் வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் இதில் பெரிய வேலை. சார்ஜர் எடுத்துப் போங்கள்.

மெஷின் நம் ரத்தத்தை உறிஞ்சி, உள்ளே சுழற்றிப் பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அதே ஊசி வழியாகத் திருப்பி அனுப்புகிறது. இழுக்கும்போது கைப்பட்டை இறுகும், திரும்பும்போது தளரும். திரும்பி வரும் ரத்தம் கையில் சில்லென்று ஏறுவது நன்றாகத் தெரிகிறது. ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் சிட்ரேட் கால்சியத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். எனக்கு உதடு சுறுசுறுவென்றது. சொன்னதும் வேகத்தைக் குறைத்து ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. வீரம் காட்டிச் சும்மா இருக்க வேண்டாம்.

சிவப்பான பையை எதிர்பார்த்திருந்தேன். தொங்கியதோ மோர்க்குழம்பு நிறத்தில் கலங்கலான மஞ்சள். இந்த ஒரு பை நோயாளியின் எண்ணிக்கையை 30,000 முதல் 50,000 வரை ஏற்றுமாம். சாதாரணமாகக் கொடுக்கும் ஒரு யூனிட் ரத்தத்தில் பிரிக்கும் பிளேட்லெட் 5,000 முதல் 10,000 வரைதான் ஏற்றும்.

பிரச்சினை என்னவென்றால், இந்தப் பையின் ஆயுள் ஐந்தே நாள். அதையும் 20–24 டிகிரியில் விடாமல் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். சிவப்பணுக்களே 35 முதல் 42 நாள்தான் தாங்கும். தலைவர் பிறந்தநாளன்று கூட்டமாகப் படுத்து ரத்தம் கொடுக்கிறோம், போட்டோவும் போடுகிறோம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று கிடைத்த பிளேட்லெட் அடுத்த வாரம் டெங்குவில் படுத்தவனுக்கு உதவாது. கல்லூரிகள் லீவு விடும் மே மாதத்திலும் தீபாவளி சமயத்திலும் கொடுக்க ஆளே வருவதில்லை என்று அந்தப் பெண் புலம்பினார். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு லீவு ஏது, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும்.

வெளியே வந்தபோது பையனின் மாமா ஆட்டோவுக்கு என்று பணம் நீட்டினார். வாங்கக்கூடாது, காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998-லிருந்தே நாட்டில் தடை என்று சொல்லி ஒரு டீ மட்டும் குடித்தோம்.

முழு ரத்தம் என்றால் ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். பிளேட்லெட்டுக்கு 48 மணி நேர இடைவெளி போதும். வாரத்தில் இரண்டு, வருஷத்தில் 24 தடவைக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவ்வளவெல்லாம் நம்மால் ஆகாது. தீபாவளி வாரம் ஊரில்தான் இருப்பேன், கூப்பிடுங்கள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.