கிழட்டு இதயச் செல்லில் பிம்-1 ஏற்றுவது: நேரம் எங்கே வீணாகிறது

ஒருவழியாக முடிந்தது. வயதான நோயாளியின் இதயத் துணுக்கிலிருந்து பிரித்த செல்கள், பிம்-1 ஜீன் (செல்லைப் பிழைக்கவும் பெருகவும் வைக்கும் ஒரு கைனேஸ் நொதிக்கான ஜீன்) ஏற்றியபின் ஒழுங்காகப் பெருகுகின்றன. ஆக வேண்டிய காலத்தைப்போல இரண்டு மடங்கு ஆனது. செல்லைக் குறைசொல்லிப் பயனில்லை. முக்கால்வாசி நேரத்தை விழுங்கியது நாங்கள் தப்பாகப் படித்த ரீடிங்தான்.

இந்த வழி சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் சஸ்மன் குழுவினர் போட்டது. 2009-ல் எலிச் செல்லில், 2012-ல் மனிதச் செல்லில். பலவீனமான இதயத்துக்கு உதவும் பம்பு பொருத்தும் அறுவையில் இதய நுனியில் வெட்டியெடுக்கும் துண்டுதான் மூலப்பொருள்.

நோயாளி ஒப்புதல், நெறிமுறைக் குழு எல்லாம் சுலபமாக நகர்ந்தன. மாட்டிக்கொண்டது உயிரிப் பாதுகாப்புக் குழுவின் படிவத்தில். ‘செருகும் ஜீன் புற்றுநோயைத் தூண்டக்கூடியதா?’ என்ற கட்டத்தில், சிகிச்சைக்கான ஜீன்தானே என்று ‘இல்லை’ போட்டோம். திரும்பி வந்துவிட்டது. வந்ததும் நியாயம்தான்: எலிகளில் ரத்தப் புற்று உண்டாக்கும் வைரஸ் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் என்பதால்தான் பிம் என்ற பெயரே வந்தது. முதலிலேயே ‘ஆம்’ என்று எழுதுங்கள். மூன்றாம் தலைமுறை லென்டிவைரஸ் (ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகும், தானாகப் பெருகாதபடி முடக்கிய வைரஸ்), இரட்டைக் கையுறை, மூடியுள்ள சென்ட்ரிஃபியூஜ் கப், கண்ணாடிப் பொருள் கிடையாது என்பதையும் கையோடு சேர்த்துவிடுங்கள்.

பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நமக்கு வேண்டிய செல்லின் அடையாளமான சி-கிட் என்ற மேற்பரப்புப் புரதத்தை மட்டும் நம்பி காந்த மணியில் பிடித்தால், நோயெதிர்ப்பு வகையான மாஸ்ட் செல்லும் கூடவே வரும். அதற்கும் சி-கிட் உண்டு. ரத்தச் செல் வகையின் அடையாளமான சிடி45 உள்ளவற்றை முதலில் கழித்துவிட வேண்டும். செல்லைப் பிரித்தெடுக்கும் டிரிப்சின் நொதியில் அதிக நேரம் விட்டால் சி-கிட்டே அறுபட்டுப்போய், ‘செல்லே இல்லை’ என்று கருவி சொல்லும்.

வைரஸ் தயாரிப்பில் புதிதாக ஒன்றுமில்லை: 48, 72 மணியில் அறுவடை, 0.45 மைக்ரான் பிஇஎஸ் வடிகட்டி (நைட்ரோசெல்லுலோஸ் வேண்டாம், வைரஸை உறிஞ்சிக்கொள்ளும்), மைனஸ் 80. எங்கள் முட்டாள்தனம், ஒரே பெரிய குழாயில் உறையவைத்து மூன்று தடவை உருக்கியது. உருக்கும் ஒவ்வொரு தடவையும் வீரியம் சரியும். அடுத்து, வைரஸ் சுலபமாக ஏறும் 293டி என்ற ஆய்வகச் செல்லில் பார்த்த டைட்டரை (தொற்றவல்ல வைரஸின் அளவு) வைத்துக் கணக்குப் போட்டோம். கிழட்டுச் செல் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. வைரஸ் புரதத்தை அளக்கும் பி24 எலிசா இன்னும் மோசம், செத்த துகளையும் சேர்த்தே எண்ணும். டைட்டரை உங்கள் செல்லிலேயே, அதே பாஸேஜில் (எத்தனையாவது முறை தட்டு மாற்றி வளர்த்தது என்பது) போடுங்கள். வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் பாலிபிரீனை, எல்லோரும் சொல்லும் மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராமில் போட்டதும் பாதித் தட்டுச் செல் செத்து மிதந்துவிட்டது. 4 போட்டு, ஆறு மணி நேரத்தில் மீடியா மாற்றியபோது தாங்கியது.

இனிதான் உண்மையான தண்டம். ஜீனைச் சுமக்கும் வெக்டரில் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதமும் உண்டு, ஜீன் ஏறிய செல் பச்சையாகத் தெரியும். நான்காம் நாள் ஃப்ளோவில் (செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) பார்த்தால் பாதிக்கு மேல் பச்சை. அதே வெக்டரில் பியூரோமைசின் எதிர்ப்பும் இருந்ததால், ஜீன் ஏறாத செல்லைக் கொல்ல அந்த மருந்தைப் போட்டோம். பச்சை என்று எண்ணிய செல்களில் பெரும்பகுதி செத்தது. மருந்து அதிகமோ என்று அரை மைக்ரோகிராமிலிருந்து இரண்டு வரை மறுபடி கொல்லளவு பார்த்ததில் இரண்டு வாரம் போயிற்று. மருந்தில் குற்றமில்லை. வயதான செல்லில் லிப்போஃபஸ்சின் என்ற கழிவு நிறமி சேர்ந்து கிடக்கும். வைரஸே படாவிட்டாலும் அது பச்சையில் ஒளிரும். கேட் (எது பச்சை என்று பிரிக்கும் எல்லை) போட நாங்கள் வைத்த கட்டுப்பாடோ இளம் செல். அதே நோயாளி, அதே பாஸேஜ், வைரஸ் படாத செல், இது இல்லாமல் கேட் போடவே கூடாது. பச்சையை ஆரஞ்சு சேனலுக்கு எதிராக வரைந்தால் சட்டென்று புரியும்: லிப்போஃபஸ்சின் இரண்டிலும் ஒளிர்வதால் மூலைவிட்டத்தில் சரிந்து கிடக்கும், ஜிஎஃப்பி மட்டும் பச்சைப் பக்கம் ஒதுங்கி நிற்கும்.

மூத்த செல்லை மட்டும் நீலமாகக் காட்ட வேண்டிய பீட்டா-கேல் சாயத்திலும் இதே கூத்து. முழுத் தட்டும் நீலம். பிம்-1 போட்டதும் நீலம், போடாததும் நீலம், இளம் செல்லும் நீலம். இளம் செல் நீலமானபோதுதான் பொறி தட்டியது. தட்டை வழக்கம்போல கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்திருந்தோம். சாயக் கரைசலின் பிஎச் 6.0-லேயே நிற்க வேண்டும். அந்த வாயு அதை இறக்கிவிட்டால் எல்லாச் செல்லும் நிறம் கொள்ளும். வாயு இல்லாத 37 டிகிரி அடுப்பு போதும். தட்டு நெருக்கமாக நிரம்பியிருந்தாலும் பொய் நீலம் வரும்.

வெற்று வெக்டர் மட்டும் கட்டுப்பாடாகப் போதாது. கே67எம் என்ற செயலிழந்த பிம்-1-ஐயும் ஏற்றுங்கள். விளைவு கைனேஸால்தான் வந்ததா என்று அதுதான் சொல்லும். செல் புற்றாக மாறுகிறதா என்று பார்க்கும் மென் அகார் சோதனையையும் தள்ளிப்போட வேண்டாம், பெருக்கத்தைத் தூண்டும் ஜீன் என்றால் முதல் கேள்வியே அதுதான்.

எழுதும்போது வார்த்தையில் கவனம். சி-கிட் செல் புதிய இதயத் தசையாகிறது என்று எழுதினால் கைநிறைய அடி கிடைக்கும். எலி இதயத்தில் அப்படி ஆவது மிக மிக அரிது என்று 2014-ல் ‘நேச்சர்’ கட்டுரையே காட்டிவிட்டது. 2018-ல் ஹார்வர்டு, இதே துறையின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. செல் பிழைப்பது, பெருகுவது, சுரப்பது என்று அளந்ததை மட்டும் சொல்லுங்கள்.

இப்போதைய வைரஸ் முழுக்க ஐம்பது மைக்ரோலிட்டர் குழாய்களில் இருக்கிறது. ஒரு குழாய், ஒரே ஒரு உருக்கல். மிஞ்சியது நேராக பிளீச்சுக்கு.